தொட விடாத பூனைக்கு என்ன ஆச்சு? தூரத்தில் இருந்தே அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

வாசலுக்கு வரும், வைத்ததைச் சாப்பிடும், நாம் ஓரடி முன்னால் வைத்தால் மதில் மேல் ஏறிவிடும். இப்படி ஒரு பூனைக்குச் சோறு வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுக்குள் வளரும் பூனையை மடியில் வைத்துத் தடவிப் பார்க்கலாம். இதைப் பத்தடி தள்ளி நின்று கண்ணால் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். அதனால் நோயின் பெயரை வைத்து அல்ல, அந்தத் தூரத்தில் இருந்து தெரியும் அறிகுறியை வைத்தே ஒவ்வொன்றையும் சொல்கிறேன்.

நான் இருப்பது வண்டலூர் பக்கம், ஏரியும் புதர்க்காடும் ஒட்டிய புறநகர். தெருநாய், பாம்பு, கீரி, மே மாத வெயில், ஐப்பசி கார்த்திகை மழை, இவைதான் இங்கே பூனையின் எதிரிகள். மலைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாகக் கீழே சொல்லியிருக்கிறேன்.

எந்த அறிகுறியைப் பார்ப்பதற்கும் முன்னால் இரண்டு ஏற்பாடு வேண்டும். ஒன்று, சாப்பாட்டு நேரம். தட்டை எப்போதும் நிரப்பி வைக்காதீர்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் இருட்டுவதற்கு முன் ஒரு தடவை, அதே இடத்தில், அதே தட்டுச் சத்தத்தோடு வையுங்கள். அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் பூனை நாளுக்கு இரண்டு முறை உங்கள் கண்ணில் படும். வராத நாள் உடனே தெரியும். நேரமில்லாமல் சோறு வைப்பவருக்குப் பூனை காணாமல் போனதே மூன்றாம் நாள்தான் தெரியவரும்.

இரண்டாவது, கூண்டு. பூனையைத் தூக்கிப்போகும் பிளாஸ்டிக் கேரியரை வாங்கி, கதவைக் கழற்றிவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வையுங்கள். சில நாள் கழித்துத் தட்டை அதன் வாசலில் வையுங்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். பூனை முழு உடம்பையும் உள்ளே விட்டுச் சாப்பிடப் பழகிய பிறகு கதவை மாட்டுங்கள். மாட்டினாலும் மூடாதீர்கள். மூடுவது ஆஸ்பத்திரி போகும் நாளில் மட்டும். கருத்தடைக்காகவும் வெறிநோய்த் தடுப்பூசிக்காகவும் ஒரு முறை பிடிக்கத்தான் வேண்டும் என்பதால் இந்தப் பழக்கம் வீண்போகாது. அடிபட்ட பிறகு கூண்டு வாங்கி ஓடினால் பூனை அதன் பக்கமே வராது.

தொட விட்டால்

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இத்தனை நாள் தொட விடாத பூனை திடீரென்று அசையாமல் உட்கார்ந்து உங்கள் கையை ஏற்றுக்கொண்டால், பழகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். படிப்படியாகப் பழகுவது வேறு. ஒரே நாளில் மாறினால் ஓட உடம்பில் தெம்பில்லை என்று அர்த்தம். கடும் காய்ச்சல், விஷம், உள்காயம், எதுவாகவும் இருக்கலாம். நடத்தை திடீரென்று மாறுவது வெறிநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதனால் வெறும் கையால் தொடாமல், கெட்டியான துண்டைப் போட்டு மூடிக் கூண்டுக்குள் வைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வழக்கமான நேரத்துக்கு வரவில்லை

ஒரு வேளை வராதது பெரிய விஷயமில்லை. அடுத்தடுத்து இரண்டு வேளை வரவில்லை என்றால் தேடத் தொடங்குங்கள்.

முதலில் பூட்டியிருக்கும் இடங்கள்: பக்கத்து வீட்டு மோட்டார் அறை, மொட்டை மாடி அறை, கார் ஷெட், கட்டிக்கொண்டிருக்கும் வீடு. பூனை திறந்த கதவைப் பார்த்து உள்ளே போகும், ஆள் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். தெருவில் யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்று கேட்பதே பாதித் தேடல். அப்புறம் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, மூடி உடைந்த சம்ப். மழைக்காலத்தில் கார் எஞ்சின் சூட்டுக்காக பானட்டுக்குள் ஏறிப் படுக்கும். வண்டி எடுக்கும்போது பானட்டை இரண்டு தட்டுத் தட்டச் சொல்லி அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள்.

அடிபட்ட பூனை கத்தாது. உங்கள் குரலுக்கும் பதில் கொடுக்காது. கிட்டத்தில் இருக்கும் இருட்டான பொந்தில் சத்தமில்லாமல் ஒடுங்கிக் கிடக்கும். அதனால் கூப்பிட்டுக்கொண்டே தெருத் தெருவாக நடப்பதைவிட, இரவு பத்து மணிக்கு மேல் டார்ச்சைக் கண் உயரத்தில் பிடித்து, வீட்டைச் சுற்றியுள்ள புதர், மரக்குவியல், படிக்கட்டின் அடி, நிறுத்திய வண்டிகளின் அடி என்று நிதானமாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பூனையின் கண் பச்சையாக மின்னும். விடியற்காலை நான்கு, ஐந்து மணி வாக்கில் தெரு அடங்கியிருக்கும்போது தட்டைத் தட்டிப் பாருங்கள். பயந்து ஒளிந்திருப்பது அப்போதுதான் வெளியே வரும்.

தீபாவளி வெடிச் சத்தத்துக்கு இரண்டு மூன்று நாள் தலைகாட்டாமல் இருப்பது சகஜம். கருத்தடை செய்யாத ஆண் பூனை துணை தேடி நாள்கணக்கில் சுற்றும். பெண் பூனை வயிறு பெருத்திருந்து காணாமல் போனால் எங்கோ குட்டி போட்டிருக்கும். சினைக்காலம் ஒன்பது வாரம். குட்டி போட்ட பூனை பெரும்பாலும் ஓரிரு நாளில் ஒட்டிய வயிற்றோடு வந்து அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடும். பின்னாலேயே போய்ப் பார்க்காதீர்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் குட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றும், மாற்றும் வழியில்தான் நாயும் பருந்தும் தூக்குகின்றன.

வருகிறது, ஆனால் மதிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது

தரையில் ஏதோ ஒன்று புதிதாக வந்திருக்கிறது. பெரும்பாலும் நாய். இந்தப் பகுதியில் பூனையைக் கொல்வதில் பாம்பைவிட நாய்க்கூட்டத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது நான் பார்த்து வந்த வரையில் என் முடிவு. தனி நாய் துரத்திவிட்டுப் போய்விடும். மூன்று நான்கு சேர்ந்தால் சுற்றி வளைக்கும்.

முதல் வேலை, தட்டை உயரத்துக்கு மாற்றுவது. ஐந்தடிக்கு மேல் மதிலிலோ சன்ஷேடிலோ பலகை அடித்து வையுங்கள். மீன் தலையும் கோழிக் கழிவும் தரையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெருநாய்க்குச் சோறு வைப்பவர் அதே தெருவில் இருந்தால் அவரிடம் பேசி, அவர் இடத்தையும் உங்கள் இடத்தையும் விலக்கி வையுங்கள், நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். நாயை வேறு ஊரில் கொண்டுபோய் விடும் யோசனை வேண்டாம். மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லி அதைச் செய்ய வைப்பதுதான் நாய்க்கும் பூனைக்கும் நல்லது.

இரண்டாவது, ஏறித் தப்பிக்க இடம். திறந்த முற்றத்தில் நடுவில் மாட்டிக்கொண்ட பூனைக்கு மரமோ மதிலோ கிட்டத்தில் இல்லாவிட்டால் உயிர் போய்விடும். எட்டடிக்குக் குறையாத சவுக்குக் கம்பை ஆழமாக ஊன்றி, கீழிருந்து மேல்வரை தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி ஆணி அடியுங்கள். உச்சியில் பூனை உட்கார ஒரு பலகை. கயிறு சுற்றாத இரும்புக் குழாயில் நகம் பிடிக்காது. முற்றத்தின் எந்த மூலையில் இருந்தும் ஒரே ஓட்டத்தில் எட்டும்படி கம்பம் நிற்க வேண்டும். பெரிய முற்றமாக இருந்தால் இரண்டு கம்பம் போடுங்கள்.

நாய் இல்லை என்றால் தட்டுக்குப் பக்கத்துப் புதரைப் பாருங்கள். பாம்பு நடமாடும் இடத்தில் பூனை இறங்காமல் ஒரே இடத்தையே முறைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் செங்கல் குவியல், தேங்காய் மட்டை, பழைய ஓடு இருந்தால் அகற்றுங்கள். நீளக் கம்பும் பூட்ஸும் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

தட்டு காலியாகிறது, பூனை இளைக்கிறது

வேறு யாரோ சாப்பிடுகிறார்கள், அல்லது குடற்புழு. முதலில் யார் என்று பாருங்கள். இரவில் தட்டைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குக் கோலமாவை மெல்லியதாகச் சலித்துத் தூவுங்கள். கல்மாவாக இருக்க வேண்டும். அரிசி மாவு என்றால் எறும்பு வந்து தடத்தைக் கலைத்துவிடும். காலையில் தடம் தெளிவாக இருக்கும். நான்கு விரல், வட்டமான பாதம், நகக்கீறல் இல்லை என்றால் பூனை. நான்கு விரலும் முன்னால் நகப் புள்ளியும் தெரிந்தால் நாய். ஐந்து விரல் தெரிந்தால் கீரியோ மரநாயோ; கீரி பகலில் வரும், மரநாய் இரவில் வரும். சின்னத் தடமும் பக்கத்தில் புழுக்கையும் கிடந்தால் பெருச்சாளி. இவை எல்லாம் மிச்சச் சோற்றுக்கு வருபவை. இருட்டுக்கு முன் தட்டை எடுத்துவிட்டால் வருவதை நிறுத்திவிடும்.

வளர்ந்த பூனையிடம் கீரியும் மரநாயும் பொதுவாக வம்புக்குப் போவதில்லை. குட்டிகளுக்குத்தான் ஆபத்து, உடும்பும் அதில் சேர்த்தி. பூனைத் தடம் மட்டும்தான், தட்டும் காலி, ஆனாலும் இளைக்கிறது என்றால் குடற்புழு மருந்து. எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டு, மத்தி மீனில் பொதித்துக் கொடுத்துவிடலாம். பால் வைப்பதை நிறுத்துங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். கோடையில் அதுவே நீர் வற்ற வைக்கும்.

முகமோ காலோ வீங்கியிருக்கிறது

எப்போது வீங்கியது என்பதுதான் கேள்வி. இரண்டு வேளையும் பார்ப்பவருக்கு இதற்குப் பதில் தெரியும்.

இரண்டு மூன்று நாளாக மெல்ல மெல்லப் பெரிதானால், சண்டையில் பட்ட பூனைக் கடி சீழ் கோத்திருக்கிறது. பூனைப் பல் ஊசிமாதிரி இறங்கும், மேல் தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். கன்னம், முன்னங்கால், வாலடி ஆகிய இடங்களில்தான் அதிகம். அதுவாகவே உடைந்து வடிந்தால் பூனைக்குச் சுகமாகும். ஆனாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படும். கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு இந்தச் சண்டை வெகுவாகக் குறைந்துவிடும்.

காலையில் சரியாக இருந்து மத்தியானத்துக்குள் வீங்கினால் குளவி, தேனீ, பூரான் கடியாக இருக்கலாம். அப்படியானால் பூனை சுறுசுறுப்பாகவே இருக்கும், ஒரு நாளில் வற்றும். வீக்கம் மணிக்கு மணி ஏறுகிறது, தோல் கருநீலமாகிறது, கடிவாயிலோ ஈறிலோ ரத்தம் நிற்காமல் கசிகிறது என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் கடி. நேரத்தை வீணாக்காமல் கிளம்புங்கள்.

வலிக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. பூனையின் ஈரலால் அதைச் சிதைக்க முடியாது. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு முட்டும்.

இமை தொங்குகிறது, பின்னங்கால் தள்ளாடுகிறது

நாகப்பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரிதாக எதுவும் தெரியாது, நாகம் கடித்த இடம் வீங்கலாம். குடித்தவர் நடப்பதுபோல் தள்ளாடும், கண்மணி விரிந்திருக்கும், தலையைத் தூக்க முடியாமல் போகும், கடைசியில் மூச்சு நிற்கும். இங்கே மருந்து பாம்பு விஷ முறிவு ஊசி ஒன்றுதான். கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் உதவாது. இந்தியாவில் கிடைக்கும் ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே தயாராகிறது. ஆகவே கடித்த பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. அந்த ஊசிக்கான விஷத்தில் பெரும் பங்கைச் சேகரித்துக் கொடுப்பவர்கள் நம் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். சங்கம் தொடங்கியது 1978இல்.

எல்லாக் கிளினிக்கிலும் இந்த ஊசி இருக்காது. உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே போன் போட்டுக் கேட்டு, எண்ணைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு பக்கத்தவர்களுக்கும் அங்கங்கே கல்லூரி மருத்துவமனை உண்டு.

பாம்பு கடிக்காமலும் பின்னங்கால் இழுக்கலாம். வண்டி அடித்திருந்தால், நாய் கவ்வி உலுக்கியிருந்தால் இடுப்போ முதுகெலும்போ உடைந்திருக்கும். அப்போது துண்டால் வாரித் தூக்காதீர்கள். அகலப் பலகையோ அட்டையோ மெதுவாக அடியில் நுழைத்து, முதுகு வளையாமல் அப்படியே தூக்குங்கள். நாய் கவ்விய பூனைக்கு வெளியே இரண்டு ஓட்டைதான் தெரியும், உள்ளே தசையும் நுரையீரலும் கிழிந்திருக்கலாம். நன்றாகத்தானே நடக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

வாயில் நுரை, எச்சில் ஒழுகுகிறது

மழைக்காலத்து இரவு, பூனை தலையை உதறி வாயைத் தேய்க்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது என்றால் தேரையைக் கவ்வியிருக்கும். அதன் தோலில் சுரக்கும் பால் கசப்பும் விஷமும் கொண்டது. நல்ல தண்ணீர் வைத்துவிட்டுக் கவனியுங்கள். பெரும்பாலும் சிறிது நேரத்தில் தெளியும். வாந்தி, தடுமாற்றம் தொடங்கினால் ஆஸ்பத்திரி.

எச்சிலோடு உடம்பு துடிக்கிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் பூச்சிமருந்து. துடிப்பு மட்டும் இருந்தால் நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போட்டார்களா என்று விசாரியுங்கள். பல உண்ணி மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் நாய்க்கு ஒத்துக்கொள்ளும், பூனைக்கு விஷம். எலி மருந்து சாப்பிட்ட எலியைத் தின்ற பூனையின் கதை வேறு: மூன்று நான்கு நாள் எதுவும் தெரியாது, பிறகு சோர்வு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம். ரத்தம் உறையாமல் செய்யும் மருந்து வகைக்கு வைட்டமின் கே ஊசி வேலை செய்யும், சீக்கிரம் போனால். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

எச்சில் ஒழுகி, காரணமில்லாமல் பாய்ந்து கடிக்க வந்தால் கிட்டே போகாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது

நாய்க்கு இது சாதாரணம். பூனைக்கு இது அபாயம். பூனையின் உடல் சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். வெயில் சூட்டால் 40க்கு மேல் ஏறினால் ஆபத்து, 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலோ பூட்டிய மாடி அறையிலோ மாட்டிய பூனைக்குத்தான் இப்படிச் சூடு ஏறும். நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் வயிறு, தொடை, பாதத்தை நனைத்து, விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். தோலின் ரத்தக்குழாய் சுருங்கி உள்சூடு வெளியேறாது. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொஞ்சம் தெளிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வராமல் தடுப்பது சுலபம். அகல வாய் மண் தொட்டியில் தண்ணீர், தட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் தள்ளி, நிழலில், இரண்டு மூன்று இடத்தில். படிக்கட்டின் அடியில் மண்தரை இருந்தால் மத்தியானம் தெளித்து விடுங்கள், பூனை தானே வந்து வயிறு பட நீட்டிப் படுக்கும். வெள்ளைப் பூனையின் காது நுனி சிவந்து பொருக்குத் தட்டி ஆறாமல் இருந்தால் அது வெயிலால் வந்தது, புற்றாக மாறக்கூடியது. சண்டைக் காயம் என்று விடாமல் காட்டிவிடுங்கள்.

நனைந்து நடுங்குகிறது

மீன் கடையில் கிடைக்கும் கெட்டித் தெர்மாகோல் பெட்டிதான் மலிவான வீடு. கழுவி வெயிலில் காயவைத்து, பிளாஸ்டிக் கிரேட்டுக்குள் இறுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் நகத்தால் கீறித் துகளாக்கிவிடும். ஒரு சாண் விட்டத்தில் வாசல். கடுங்குளிர் நாடுகளில் ஒரே வாசல் போதும் என்பார்கள். நம் ஊருக்கு இரண்டு வாசல் வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு பக்கம் நாயோ பாம்போ வந்தால் மறு பக்கம் வெளியேற வழி வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் திசைக்கு முதுகு காட்டி, வாசல் தெற்கும் மேற்குமாக இருக்கட்டும்.

உள்ளே துணி போடாதீர்கள், துணி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிரும். காய்ந்த வைக்கோல் போடுங்கள், ஈரமானதும் மாற்றுங்கள். மாற்றும்போது முதலில் கம்பால் கிளறுங்கள். மழையில் பாம்பும் தேளும் காய்ந்த இடம் தேடி வரும்.

பெட்டி எங்கே இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முடிச்சூரிலும் பள்ளிக்கரணையிலும் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. செங்கல் மேல் தூக்கி வைத்த பெட்டி அதற்குத் தாங்காது. முதல் மாடிப்படித் திருப்பத்தில் வையுங்கள். ஆனால் புயல் அறிவிப்பு வந்த பிறகு மேலே வைத்தால் பூனை ஏறாது. ஆவணியிலேயே தொடங்குங்கள்: தட்டை முதல் படியில், சில நாள் கழித்து நாலாவது படியில், அப்புறம் திருப்பத்தில். மழை வரும்போது அதற்கு அந்த வழி தெரிந்திருக்கும்.

புண்ணில் புழு

மழைக்காலத்தில் ஈ முட்டையிட்ட புண்ணில் ஓரிரு நாளில் புழு நெளியும், நாற்றம் தூரத்திலேயே வரும். மாட்டுக்கு ஊற்றுவதுபோல் டர்பன்டைன், கற்பூரம், வேப்பெண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். பூனை நக்கி உள்ளே இறக்கிவிடும். மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய காயம் இது.

மலைப் பக்கம் என்றால்

வால்பாறை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கவலை சிறுத்தை. அது நாயையும் கோழியையும் தேடி வரும், பூனையையும் விடாது. அங்கே கயிற்றுக் கம்பம் உதவாது, சிறுத்தை நம் பூனையைவிட நன்றாக மரம் ஏறும். ஒரே வழி, சாயங்காலச் சோற்றைக் கதவுள்ள விறகு அறையிலோ ஷெட்டிலோ வைத்து, பூனை உள்ளே வந்ததும் விடியும்வரை சாத்திவிடுவது. வீட்டைச் சுற்றி இறைச்சிக் கழிவு போடாதீர்கள், தேயிலைப் புதர் வீட்டை ஒட்டி வளர்ந்திருந்தால் வெட்டித் திறந்த இடம் விடுங்கள். சிறுத்தை தொடர்ந்து வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கண்ணியோ விஷமோ வைப்பது குற்றம். மார்கழி, தை மாத உறைபனிக்கு அதே வைக்கோல் பெட்டியில் வாசலை மட்டும் ஒன்றாகக் குறைத்து, வைக்கோலை நிறையத் திணியுங்கள்.

பிடிக்கும்போது உங்களைக் கடித்துவிட்டால்

உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்க வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். சிறு கீறல்தானே, நம் வாசல் பூனைதானே என்று தள்ளிப்போடாதீர்கள். டாக்டர் சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். பூனைக் கடி ஆழமாக இறங்கிச் சீழ் பிடிக்கும் என்பதால், கை வீங்கிச் சிவந்தால் ஆன்டிபயாடிக்கும் கேளுங்கள்.